முன்பக்கம் நேர், பின்பக்கம் கோணல்: ஆறு பல் உளியோடு ஐந்து வருடம்

போன வாரம் உளியின் ஓரப் பல் ஒன்று தோலுக்குள்ளேயே உடைந்து நின்றுவிட்டது. இடுக்கியால் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நண்பனிடமிருந்து செய்தி. "கத்தி உறை தைக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்டா. நீ வச்சிருக்கிற மாதிரி உளி செட் வாங்கட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

உளி என்றால் தையல் துளை போடும் உளி. முள்கரண்டி மாதிரி வரிசையாகப் பல், பல்லின் முனை வைர வடிவம். கோட்டின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு துளை. செட்டில் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று மூன்று இருக்கும். இதுவரை முப்பது உறைக்கு மேல் இதில்தான் தைத்திருக்கிறேன்.

முன்பக்கத்தைப் பொறுத்தவரை இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் பல்லைப் பழைய துளையில் இறக்கிவிட்டு அடுத்த ஐந்தைத் தட்டிக்கொண்டே போனால் போதும், இடைவெளி தானாக அமைந்துவிடும். வளைவு வரும் இடத்தில் ரெண்டு பல் உளி. துளை கோட்டுக்குச் சாய்வாக விழுவதால் நூலும் சாய்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக நெல்மணி அடுக்கின மாதிரி விழும். பார்க்கிறவர்கள் மெஷின் தையலா என்று கேட்பார்கள். இல்லை, ஒரே நூல், ரெண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் ரெண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மெஷின் தையல் மாதிரி மளமளவென்று பிரியாது என்று விளக்கும்போது ஒரு பெருமை வரத்தான் செய்கிறது.

அப்புறம் அவர்கள் உறையைத் திருப்புவார்கள். என் பேச்சு அங்கே நின்றுவிடும்.

பர்ஸ் தைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. ஒன்றரை மில்லிமீட்டர் தோல் ரெண்டு அடுக்கு, உளி ஒரே தட்டில் மறுபக்கம் போய்விடும். கத்தி உறை அப்படி இல்லை. முன்தோல் 3 மில்லிமீட்டருக்கு மேல், பின்தோல் அதே அளவு, நடுவில் விளிம்பை ஒட்டி இடைவார் என்கிற தோல் பட்டை. இடைவார் இல்லாமல் தைத்தால் கத்தியை உருவும்போதும் சொருகும்போதும் அதன் கூர் நேராக நூலில்தான் உரசும். நாமே தைத்ததை நம் கத்தியே பிரித்துவிடும். ஆக மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் உளி 5 டிகிரி சாய்ந்தால் போதும், பின்பக்கத் துளை முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். 5 டிகிரி சாய்வு கண்ணுக்கே தெரியாது. துளை தள்ளிப் போனது மட்டும் அடுத்த வீட்டிலிருந்தே தெரியும்.

முதல் உறையில் நுனிப் பக்கம் ஒரு துளை விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் போய் வெளியே வந்திருந்தது. கவனிக்காமல் நூலை இழுத்து இறுக்கினேன். விளிம்பையே கிழித்துக்கொண்டு நூல் கையோடு வந்துவிட்டது. அவ்வளவு நேரம் வெட்டி, ஒட்டி, தேய்த்த உறை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உளி மேல் குற்றமா, என் கை மேல் குற்றமா? நியாயமாகப் பார்த்தால் பாதிக்கு மேல் கைதான். கோட்டைப் பார்க்கக் குனிவேன். குனிந்தால் கை சாயும். பக்கத்தில் மூலைமட்டம் நிறுத்திவைத்துத் தட்டிப் பார்த்தேன். முதல் தட்டுக்கு நேராக நிற்கும், மூன்றாவது தட்டில் எங்கேயோ பார்க்கும்.

உள்ளே போனதை வெளியே எடுப்பது தனிக் கதை. ஆறு பல்லும் இறங்கியதும் தோல் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். பல்லில் தேன்மெழுகு தடவியும் பார்த்தாயிற்று, பரவாயில்லை என்று சொல்லலாம். சரியான வழி, உளியை ஒட்டி ஒரு மரத்துண்டால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக இழுப்பது. பொறுமை இல்லாதவன் இடமும் வலமும் ஆட்டி எடுப்பான். போன வாரம் ஆட்டினேன். பல் போயிற்று.

மாற்று வழி தேடாமலும் இல்லை. மூன்று அடுக்கையும் தனித்தனியாகத் துளையிட்டு, ஊசி சொருகி வரிசைப்படுத்தி ஒட்டிப் பார்த்தேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பின்தோலை அதன் வழவழப்பான மேல்பக்கத்திலிருந்து குத்தினால் துளையின் சாய்வு முன்தோலுக்கு எதிராகப் போய்விடும், ரெண்டும் சேர்ந்து பெருக்கல் குறி மாதிரி நிற்கும், ஊசி முக்கிக்கொண்டுதான் நுழையும். சொரசொரப்பான உள்பக்கத்திலிருந்து குத்த வேண்டும். இது புரிய ஒரு முழு உறை செலவானது. புரிந்த பிறகும், ஒரே தோலை மடித்துச் செய்கிற உறையில் மடிப்பின் கனம் துளைகளை நகர்த்திவிடுகிறது. மேலே நாலு துளை பொருந்தும். நுனிக்கு வரும்போது அரைத் துளை வித்தியாசம்.

துளையிடும் மெஷினும் பார்த்தேன். கனத்த உறை செய்கிறவர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் துரப்பணம் போட்டால் பின்பக்கம் தராசு முள் மாதிரி நேராக வரும், மறுக்கவில்லை. ஆனால் துரப்பணம் தோலைத் துருவி எடுத்துவிடும். உளி போட்ட துளை நூலை இறுக்கியதும் வாயை மூடிக்கொள்ளும். இது வட்டமாகத் திறந்தபடியே கிடக்கும். நெல்மணிச் சாய்வும் போய்விடும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசியில் வழிக்கு வந்தது குத்தூசி. ஒரு மரப்பிடி, முனையில் ஒரு வைர வடிவ அலகு, அவ்வளவுதான். இப்போதெல்லாம் உளியை 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் இறக்குகிறேன், முன்தோலோடு சரி. மிச்சத்தைக் குத்தூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்துகிறேன். பின்பக்கமும் விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால், குத்தூசி முனை எங்கே முட்டுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துத் திருத்தலாம். விரலைப் பின்னால் வைக்காதே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன்: தக்கையை வையுங்கள். என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கிற புள்ளிகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நேரம் மூன்று மடங்கு ஆகிறது. ஆறு துளை ஒரே அடியில் என்று வாங்கின சாமான் இன்றைக்கு அடையாளம் போடும் சாமானாகிவிட்டது. கோபம் அதில்தான்.

இன்னொன்று, உளி மேல் பழி போட்டு வெகுநாள் திட்டியது. கத்தியின் வடிவம் பதிய உறையை நனைத்து அழுத்துவோம் இல்லையா, காய்ந்து பார்த்தால் தோல் முழுக்க நீலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை என்று பயந்தேன். விஷயம் வேறு. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கும்; ஈரமான நேரத்தில் துளி இரும்பு பட்டாலும் ரெண்டும் சேர்ந்து கறுத்துவிடும். அந்தக் காலத்து எழுத்து மை இதே வித்தையில் செய்ததுதான். உளியை அரத்தால் தீட்டிய அதே மேசையில் உறையை நனைத்து வைத்தது என் புத்தி. எலுமிச்சைச் சாறு தடவியதும் பெரும்பாலும் மங்கிவிட்டது. மேசையைத் துடைத்துவிட்டு வேலை செய்தால் வரவே வராது. குரோமிய உப்பில் பதனிட்ட தோலுக்கு மாறினால் தீருமே என்று கேட்கக் கூடாது. அதற்கு நனைத்தால் வடிவம் நிற்காது, உள்ளே வைக்கிற கத்தி துருப்பிடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

சரி, தீர்ப்பு. கத்தி உறைக்கு ஆறு பல் உளி வேண்டாம். ரெண்டு பல் ஒன்று, நல்ல குத்தூசி ஒன்று, போதும். நண்பனுக்கும் இதையேதான் எழுதினேன். ஒழுங்காகக் கேட்டுக்கொண்டான்.

உடைந்தது ஓரப் பல் என்பதால் மிச்சம் ஐந்தும் வரிசை கெடாமல் இருக்கின்றன. நேற்று ராத்திரி பாதியில் நின்ற உறையை அதே உளியால்தான் முடித்தேன். முழுசாக இறங்கும்போது சுத்தியலின் சத்தம் 'டக்'கிலிருந்து 'தொப்'புக்கு மாறும் பாருங்கள், அதைக் கேட்க ஆசைப்பட்டு நாலைந்து இடத்தில் மறுபக்கம் வரை தட்டிவிட்டேன். பின்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. புது ஆறு பல் உளிக்கு ஆர்டர் போட்டாயிற்று. நண்பனிடம் சொல்லவில்லை.