மேல் அடுக்கு அசல், கீழே எல்லாம் போலி: சின்னப் புத்தகக்கடை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போலிப் புத்தகங்களை என் தலையில் கட்டிவிட்டுப் போன ஒருவரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். "அந்தக் கடையில் போலிப் புத்தகம் விற்றார்களாம்" என்று பேச்சு கிளம்பினால் என் பிழைப்பு போய்விடும் என்ற பயம்தான். ஆனால் நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்து, "அக்கா, நீங்க சொன்ன அடையாளத்தோட ஒருத்தர் இங்க வந்துட்டுப் போனாரு. பேரு மட்டும் வேற சொன்னாரு" என்றார். அதற்கு மேலும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது என் கடை. மொத்தமே 180 சதுர அடி. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் தையல்கடை. ஊரில் பள்ளியும் கல்லூரியும் நிறைய என்பதால் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் வாடகையைக் கொடுத்துவிடும். நாவல், கவிதை, கட்டுரை எல்லாம் நான் ஆசைப்பட்டு வைத்திருப்பவை. கொஞ்ச நாளாகக் கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வரும் தன்முன்னேற்றப் புத்தகங்களையும் காதல் நாவல்களையும் அதிகம் கேட்கிறார்கள். சிக்கல் ஆரம்பித்ததும் அங்கேதான்.

எங்கள் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் ஏமாந்தேன் என்பது புரியாது. பதிப்பகமோ விநியோகஸ்தரோ எனக்குக் கொடுப்பது 30, 35 சதவீதக் கழிவு. அதில் வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் விடுகிறேன். பார்சல் செலவு, வாடகை, கரண்ட் பில் எல்லாம் மிச்சத்தில்தான். 2024 டிசம்பரில் புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட்டை அஞ்சல் துறை நிறுத்திய பிறகு பத்துப் பிரதி வரவழைப்பதற்கே கை நடுங்குகிறது. அதே புத்தகம் ஆன்லைனில் நான் வாங்கும் விலைக்கே கிடைக்கிறது. "அங்க இவ்வளவுதான் போட்டிருக்கான்" என்று போனை நீட்டிக் காட்டும் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்ல முடியும்?

அந்த நேரத்தில்தான், 2025 ஜூனில், பள்ளி திறந்த வாரம், ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் கேட்லாக், நல்ல பேச்சு. சென்னையில் பெரிய விநியோகஸ்தரிடம் இருப்பதாகவும், தென் மாவட்டங்களுக்கு வண்டியிலேயே சரக்கு கொண்டுவந்து இறக்குவதாகவும் சொன்னார். பார்சல் செலவு கிடையாது. முதல் தடவை 22 புத்தகங்கள், 35 சதவீதக் கழிவு, முறையான பில். அத்தனையும் அசல். இரண்டே வாரத்தில் விற்றுப் போயின. இப்போது நினைத்தால் அந்த 22 புத்தகங்கள்தான் அவர் என்னைப் பிடிக்கப் போட்ட இரை.

ஆகஸ்டில் மறுபடி வந்தார். "அக்கா, கல்லூரி சீசன். டெல்லியிலேர்ந்து நேரடியா லாட் வந்திருக்கு. மொத்தமா எடுத்தா 50 தர்றேன். பணத்தை இப்பவே போட்டுட்டா இன்னொரு அஞ்சு" என்றார். 140 பிரதிகள். அச்சிட்ட விலைப்படி 63,000 ரூபாய்ச் சரக்கு, எனக்கு 28,350க்கு. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். பில் கேட்டேன். "புக்குக்குத்தான் ஜி.எஸ்.டி.யே கிடையாதே அக்கா, ஆபீஸ்லேர்ந்து அனுப்பிருவாங்க" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டை எழுதிக் கொடுத்தார். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது உண்மைதான். வரி இல்லை என்பதற்காக பில் வேண்டாம் என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டேன். பணம் போட க்யூஆர் காட்டினார். வந்த பெயர் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி நபரின் பெயர். "எங்க அக்கவுண்டன்ட்" என்றார். அனுப்பிவிட்டேன்.

எல்லாப் புத்தகமும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வந்திருந்தன. போகும்போது, "உறையைப் பிரிச்சிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க அக்கா, பார்த்துக்கோங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மொத்த ஏமாற்றும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று நான் ஒரு பிரதியைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

பெட்டியில் மேலே இருந்ததைத்தானே முதலில் அலமாரியில் அடுக்குவோம்? அவை அசல். முதல் ஒரு மாதம் விற்றவற்றில் பெரும்பாலும் அவைதான். அதனால் புகார் எதுவும் வரவில்லை. செப்டம்பர் கடைசியில் கீழ் அடுக்கிலிருந்து எடுத்தபோது, பில் போடும் ஸ்கேனர் சில புத்தகங்களின் பார்கோடைப் படிக்கவில்லை. பிளாஸ்டிக் பளபளப்பால் இருக்கும் என்று நினைத்து, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னைக் கையால் அடித்து பில் போட்டேன். எண் சரியாகவே வந்தது. அசல் அட்டையை அப்படியே நகலெடுத்தால் எண்ணும் சரியாகத்தானே இருக்கும்? பார்கோடின் கோடுகள்தான் மங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் வந்தார். கடை திறந்த நாளிலிருந்து வருபவர். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "என்ன தாயி, 128ஆம் பக்கத்தோட கதை நிக்கு. அதுக்கப்புறம் திரும்ப 113லேர்ந்து வருது" என்றார். ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், இரண்டு தடவை வந்திருந்தது. அடுத்த ஃபாரமே இல்லை. பைண்டிங்கில் அசல் புத்தகங்களுக்கும் இப்படி எப்போதாவது நேர்வதுண்டு. மாற்றித் தருகிறேன் என்று இன்னொரு பிரதியைப் பிரித்தேன். அதிலும் அதே 16 பக்கம் இரண்டு தடவை. மூன்றாவதிலும் அப்படியே. சார் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாத்தையும் பிரிச்சிப் பாரும்மா" என்றார்.

அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையில் இருந்த 87 பிரதிகளையும் பிரித்தோம். அசல் இரண்டே இரண்டு.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்கு உதவும். அட்டையில் தலைப்பின் மேல் விரலை வைத்துத் தடவினால் அசலில் எழுத்து மேடாக இருக்கும். போலியில் வழவழவென்று தட்டையாக இருந்தது, பார்வைக்கு மட்டும் மேடு மாதிரி நிழல் தெரிந்தது. முதுகில் தலைப்பு நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. தாளைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்க எழுத்து தெரிந்தது. உள்ளே எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருந்தது. புத்தகத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டால் அப்படித்தான் வரும். சில பக்கங்களில் வரிகள் லேசாகச் சாய்ந்திருந்தன. வெட்டும்போது பக்க எண்ணின் பாதி போயிருந்தது. விரித்து வைத்தால் பசை விட்டு, பக்கங்கள் கொத்தாகக் கழன்றன. அப்புறம் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். அசல் 342 கிராம், அதே தலைப்பின் போலி 268 கிராம். கண்ணுக்குச் சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள்.

அந்த ஆளின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். முதல் நாள் எடுத்து, "வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றார். மறுநாளிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். சீட்டில் இருந்த முகவரிக்குச் சென்னையில் இருக்கும் சித்தி மகனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது ஒரு டயர் கடை. அவர் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், எனக்குச் சொன்ன பெயரே உண்மையா என்று தெரியாததுதான். அந்தப் பெயரில் வேறு யாராவது நல்ல மனிதர் இதே தொழிலில் இருக்கக்கூடும்.

அடுத்து நான் செய்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். பதிப்பக விற்பனைப் பிரதிநிதிக்குப் படங்கள் அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, "இனிமே ஒரு காப்பிகூட விக்காதீங்க மேடம்" என்றார். காரணத்தையும் சொன்னார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, தெரிந்தே போலி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போகலாம். "தெரிந்தே" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நேற்று வரை நான் ஏமாந்தவள். தெரிந்த பிறகு, போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று ஒன்றை விற்றாலும் நான் குற்றவாளி. இப்படி மாட்டிக்கொண்ட இன்னொரு கடைக்காரர் பாதி விலைக்கு நடைபாதைக் கடைக்குத் தள்ளிவிடச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எழுதியவருக்கு அதில் ஒரு பைசா போகாது. வாங்கும் பிள்ளை 128ஆம் பக்கத்தில் நின்றுவிடும்.

காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், யு.பி.ஐ. எண் எல்லாவற்றையும் இணைத்தேன். பணம் போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் வங்கியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்து அன்றோ மறுநாளோ தெரிய வந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே கூப்பிடுங்கள், பணம் அந்தக் கணக்கிலிருந்து நகர்வதற்குள் நிறுத்தச் சற்றாவது வாய்ப்பு உண்டு. பிரதிநிதி சொன்னது இன்னொன்று: தெரியாத ஆள் சரக்கு கொண்டுவந்தால், பதிப்பகத்துக்கே போன் செய்து "இந்த ஊருக்கு உங்கள் விநியோகஸ்தர் யார்?" என்று கேட்டுவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. இப்போது யார் கொண்டுவந்தாலும், ஒவ்வொரு தலைப்பிலும் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிரதியை உருவி, அவர் கண்ணெதிரே உறையைப் பிரித்துப் பார்க்கிறேன். அதற்குச் சம்மதிக்காதவரிடம் சரக்கு எடுப்பதில்லை. பணம் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும்தான்.

28,350 ரூபாய் என் கடைக்குப் பெரிய தொகை, தீபாவளிக்குப் புதுச் சரக்கு எடுக்க முடியவில்லை. அதைவிட அந்த 53 பேரின் முகம்தான் தூங்க விடவில்லை. ஆகஸ்டிலிருந்து அந்த லாட்டில் 53 பிரதிகள் விற்றிருந்தேன். ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்தும், "அக்கா கடையிலேயே வாங்கிக்கிடலாம்" என்று வந்தவர்கள் அவர்கள். பில் புத்தகத்தையும் கடையின் வாட்ஸ்அப் குழுவையும் வைத்து 38 பேரைப் பிடித்துவிட்டேன். அதில் 16 பேரிடம் இருந்தது அசல், 22 பேரிடம் போலி. பணம் கேட்டவர்களுக்குப் பணம், புத்தகம் கேட்டவர்களுக்குப் பதிப்பகத்திலிருந்து வரவழைத்து அசல் பிரதி. நர்சிங் படிக்கும் ஒரு பிள்ளை, பணம் வேண்டாம், போலியே இருக்கட்டும், அடிக்கோடு போட்டுப் படித்துவிட்டேன் என்றது. வற்புறுத்தி வாங்கிக்கொண்டு, அந்தக் கோடுகளையெல்லாம் புதுப் பிரதியில் பென்சிலால் போட்டுக் கொடுத்தேன்.

போலிகள் 107, மூன்று பெட்டிகளில் டேப் ஒட்டி, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிப் பரணில் இருக்கின்றன. போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும்.

இன்னும் 15 பேர் பாக்கி. 2025 ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 11 வரை பாளையங்கோட்டையில் ஒரு சந்துக் கடையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆங்கிலப் புத்தகம் வாங்கியவர்கள் இதைப் படித்தால், புத்தகத்தோடு வாருங்கள். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே பெயர் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. காலை 10 மணிக்குத் திறக்கிறேன், ஞாயிறும் உண்டு.