அப்பாவின் பெட்ரோல் வண்டியும் மச்சானின் கரண்ட் வண்டியும்

காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குப் பதினொரு வயது. அதைத் தள்ளிவிட்டு கரண்ட் வண்டி வாங்கச் சொல்லி மச்சான் ஒரு மாதமாக அப்பாவை அரித்துக்கொண்டிருக்கிறார். தனக்கும் ஒன்று வாங்கப் போகிறார். "புகையே கிடையாது மாமா" என்பது அவர் கட்சி. "கரண்டு என்ன வானத்துல இருந்தா கொட்டுது? நிலக்கரியை எரிச்சாத்தானே" என்பது அப்பா கட்சி. நடுவில் மாட்டிக்கொண்ட நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

வண்டியின் சுற்றுச்சூழல் கணக்கு சைலன்சரோடு முடிவதில்லை. தாது வெட்டுவது, இரும்பு உருக்குவது, பேட்டரி செய்வது, ஓட்டுவது, கடைசியில் காயலான் கடைக்குப் போவது என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். அதை எப்படிச் செய்வது என்று ஐ.எஸ்.ஓ. 14040, 14044 தரங்கள் சொல்கின்றன. ஒப்பிடும் இரண்டு பொருளும் ஒரே அளவு வேலை செய்வதாக வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டையில் கோட்டைவிட்டது இதைத்தான்.

மச்சானுக்கு வேலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில். திருவலம் வழியாகப் போக வர தினம் நாற்பது கிலோமீட்டர், வருடத்துக்குச் சுமார் 12,000. லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் இதற்கு 267 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் 2.8 என்று வைக்கலாம். ஆக வருடத்துக்கு 750 கிலோ. கரண்ட் வண்டிக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட், மொத்தம் 420 யூனிட். அப்பா சொன்னது உண்மைதான், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. யூனிட்டுக்குச் சராசரியாக 0.72 கிலோ. கம்பியில் இழப்பதையும் சேர்த்தால் 330 கிலோவைத் தொடும். அப்படியும் பாதிக்கும் கீழே. மொட்டைமாடியில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்பவர்களுக்கு இன்னும் குறையும், ஆனால் மச்சான் வண்டி பகலில் சிப்காட்டில் நிற்கும்.

புது வண்டி பிறக்கும்போதே கார்பன் கடனோடு பிறக்கிறது. மூன்று யூனிட் கரண்ட் பிடிக்கும் ஒரு லித்தியம் பேட்டரி செய்ய 200 முதல் 300 கிலோ, மற்ற உடம்புக்கு 400, 500 கிலோ என்று நான் போட்டது உத்தேசம்தான். 700 கிலோ கடன் என்றால், வருடம் 420 மிச்சம் பிடிக்கும் மச்சான் இரண்டாம் வருடத்துக்குள் அடைத்துவிடுவார்.

அப்பா வண்டி எடுப்பது காய்கறிக்கும் கோயிலுக்கும், அப்புறம் எப்போதாவது சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கும். வருடம் 1,200 கிலோமீட்டர் தாண்டாது. அவருக்கு மிச்சமாவது 42 கிலோ. அதே கடனை அடைக்கப் பதினாறு, பதினேழு வருடம் ஆகும். அதற்குள் பேட்டரி செத்துவிடும். ஆகவே அப்பாவின் பழைய வண்டியே ஓடட்டும். ஒரு குறை மட்டும் உண்டு: கார்பனில் தப்பித்தாலும் 2020-க்குப் பின் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியைவிட இது விடும் நச்சுப்புகை அதிகம். வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் இதன் பின்னால் நிற்பவரைக் கேட்டால் என் தீர்ப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரி, மச்சானுக்கு எந்தக் கரண்ட் வண்டி? விலை குறைவு என்று அவர் முதலில் பார்த்து வைத்தது லெட்-ஆசிட், அதாவது ஈய பேட்டரி வண்டி. தினசரி ஓட்டத்துக்கு அது ஒன்றிரண்டு வருடம்தான் வரும். பழைய பேட்டரி முறைப்படி போகாமல் ஏதாவது கொட்டகையில் உருக்கப்பட்டால், ஈயம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறும். எனக்கு இது வேண்டவே வேண்டாம். லித்தியத்தில் இரண்டு வகை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது எடை குறைவு, ஒரு சார்ஜுக்குக் கூடுதல் தூரம். ஆனால் உலகக் கோபால்ட்டில் பெரும்பகுதி, தொழிலாளர் நிலை மோசம் என்று பேர் வாங்கிய காங்கோ சுரங்கங்களிலிருந்து வருகிறது. இரும்பு பாஸ்பேட் வகை கொஞ்சம் கனம், ஆனால் வெயிலைத் தாங்கும், இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். மே மாதத்தில் 42 டிகிரி அடிக்கும் வேலூருக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே. 2022 மார்ச்சில் இதே ஊரில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்கப்புறம் பேட்டரி பாதுகாப்பு விதி ஏ.ஐ.எஸ். 156 கடுமையாக்கப்பட்டது. விலை கேட்கும் முன் அந்தச் சான்றைக் கேட்க வேண்டும்.

கார்பனை மட்டும் எண்ணிவிட்டு எழுந்துவிட ராணிப்பேட்டைக்காரர்களால் முடியாது. 1995-இல் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுப்போனது. சரக்கு எங்கெங்கோ போய்விட்டது, நிலத்தடி நீர் நம்முடையது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில்தான். அந்த வழியில் வந்தவைதான் 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளும்: தயாரித்து விற்றவரே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். 2021 முதல் மின் ஸ்கூட்டர் செய்யும் ஊராகவும் ஆகிவிட்ட ராணிப்பேட்டையில் இதைக் கேட்க நமக்கு உரிமை கொஞ்சம் கூடுதல்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு ஒரு ஷோரூமுக்குப் போனேன். அவர் ஆன்ரோடு விலை கேட்டார், கையோடு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எட்டு வருடம் கழித்து பேட்டரியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் கேட்டேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.