கோவையில் கேமராத் தொழில்: கல்யாண மண்டபமா, தொழிற்கூடமா, பொள்ளாச்சிப் படப்பிடிப்பா?

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய ஊர் கோயம்புத்தூர். சென்ட்ரல் ஸ்டுடியோவும், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கிய காலத்தில், எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' (1954) உட்படப் பல படங்கள் இங்கேயே உருவாயின. அந்த ஸ்டுடியோக்கள் இன்று இல்லை. ஆகவே, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்குப் போகாமல் இந்த ஊரிலேயே ஒளிப்பதிவைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞருக்கு நடைமுறையில் மூன்று வழிகள்தாம் உள்ளன. மூன்றிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில், எது எதைத் தரும் என்பதை எழுதுகிறேன்.

கல்யாண வீடியோவில் நுழைவது எளிது. சொந்தக் கேமரா இல்லாதவரும் இரண்டாவது கேமராமேனாக நாள் கூலிக்குச் சேர்ந்துவிடலாம். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளுக்கு மறு டேக் கிடையாது என்பதால், கையும் கண்ணும் வேறெங்கும் இவ்வளவு வேகமாகப் பழகுவதில்லை. கொங்குத் திருமணமானால் சடங்கின் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும்: மணமகனின் சகோதரி செய்யும் இணைச்சீர் எப்போது, சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் எங்கே நிற்பார் என்று முன்கூட்டியே கேட்டுவைக்காதவர், அந்த நேரத்தில் உறவினர்களின் முதுகைத்தான் படம்பிடிப்பார். மங்கல வாழ்த்துப் பாடுபவருக்குத் தனி மைக் வைக்காமல், நாதஸ்வரத்துக்கும் கூட்டத்தின் பேச்சுக்கும் நடுவே அந்தப் பாட்டைத் தொலைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. வருமானமோ முகூர்த்த நாள்களை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையிலேயே இருக்கும்.

தொழிற்கூட வீடியோவை இளைஞர்கள் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பம்பு, மோட்டார், கிரைண்டர், நூற்பாலை இயந்திரம், வார்ப்படம் என்று இந்த மாவட்டம் செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாங்குபவர் இருக்கிறார். அவர் நேரில் வருவதற்கு முன் தொழிற்கூடத்தைப் பார்க்க விரும்புகிறார். சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் கண்காட்சிகள் நெருங்கினால் இந்த வேலை இன்னும் கூடும். கல்யாண வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கற்பதற்கும் இங்கே நிறைய உண்டு. வார்ப்பாலையில் உலையைச் சாய்த்து உருகிய இரும்பை லேடிலில் (பெரிய வார்ப்புக் கலத்தில்) ஊற்றும் காட்சியை எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் முகம் தெரியும்படி எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் உலோகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். உலோகத்துக்கு வைத்தால் முகம் இருட்டில் மறைந்துவிடும். உலோகத்துக்கே அளவை வைத்து, பாதுகாப்பான தூரத்திலிருந்து ஒரு எல்.இ.டி. விளக்கால் முகத்தை மட்டும் தூக்கிக் காட்டும்போதுதான், செந்தழல் நிறமும் நெற்றி வியர்வையும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்காவிட்டால், கூரை விளக்குகள் படத்தில் துடிக்கும். இவற்றோடு, வாங்குபவருக்கு எது தேவை என்று யோசித்து ஸ்கிரிப்ட் எழுதும் பழக்கமும் வருகிறது. நுழைவாயில் வளைவையும் அலுவலக அறையையும் முதலாளி காட்டச் சொல்வார்; பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சைக் காட்டுங்கள் என்று அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதன் குறை, பணம் வரும் வேகம். ஒரு நிறுவனம் என்னிடம் ஆறு முறை திருத்தம் வாங்கிக்கொண்டு, மீதித் தொகையை எட்டு மாதம் கழித்தே தந்தது. அன்றிலிருந்து, திருத்தம் எத்தனை முறை, முன்பணம் எவ்வளவு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்.

பொள்ளாச்சிப் படப்பிடிப்பின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. 'தேவர் மகன்' (1992) எடுக்கப்பட்ட மண் அது. இன்றும் படக்குழுக்கள் வருகின்றன. ஆனால் ஒளிப்பதிவாளரும் உதவியாளர்களும் லைட்மேன்களும் பெரும்பாலும் சென்னையிலிருந்தே, தத்தம் சங்க உறுப்பினர்களாக வருகிறார்கள். உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பது லொக்கேஷன் பார்ப்பது, வண்டி, சாப்பாடு, துணை நடிகர் ஏற்பாடு, அனுமதி வாங்குவது ஆகிய வேலைகள்தாம். ஆனைமலைப் புலிகள் காப்பகப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். இந்த நடைமுறைகளை அறிந்தவருக்கு மதிப்புண்டு. எனினும் கேமராவைத் தொட நினைப்பவர் அங்கே பத்தடி தள்ளியே நிற்பார். சினிமாவை ஆழ்ந்து பார்க்கக் கற்பதற்கு, இவ்வூரில் உலகத் திரைப்படங்களைத் திரையிட்டுவந்த கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி எனக்கு அதைவிட அதிகம் தந்தது.

என் பரிந்துரை தொழிற்கூடம்தான். தை முதல் வைகாசி வரை ஒரு பருவம் கல்யாணங்களில் இரண்டாவது கேமரா பிடித்துக் கையைப் பழக்கிக்கொண்டு, ஆடி பிறந்ததும் தெரிந்தவர் ஒருவரின் சிறிய பட்டறையை இரண்டு நிமிடப் படமாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆலையில் பேசும்போது அந்த இரண்டு நிமிடத்தைத்தான் கேட்பார்கள்.