நவம்பர் ஆயுள் சான்று: வங்கியில் எரிச்சல், வாசலில் தபால்காரர்

லண்டனிலிருந்து ஊருக்கு வந்த இந்தத் தடவை ரயில், டாக்ஸி, யூபிஐ எல்லாம் நன்றாகவே இருந்தது. எழுத வேண்டியது ஆயுள் சான்றைப் பற்றித்தான்: பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை தரும் சான்று.

திருநெல்வேலிப் பக்கம், 80 தாண்டிய ஆச்சி ஒருவர், ரயில்வே குடும்ப பென்ஷன். பழைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாஸ்புக்கோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தால், கவுன்ட்டரில் இருப்பவர் “நல்லா இருக்கீங்களாம்மா, பேரப்பிள்ளைக வந்தாங்களா?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்து வாங்குவார். இப்போது அதே கிளையில் தலை நிமிராமல் ஒரு பதில்: “ஆப்ல முகத்தைக் காட்டிருங்க, இங்க வர வேண்டாம்.” பட்டன் போன் வைத்திருப்பவரிடம் சொல்கிற பேச்சா இது? தாளில் எழுதிக் கொடுக்கும் சான்றும் இன்றைக்கும் செல்லும் என்பதை அந்த ஊழியர் சொல்லவே இல்லை.

லண்டனில் இது பழகிப்போன கதை. வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது இயந்திரக் குரல். 2023-ல் ரயில் டிக்கெட் கவுன்ட்டர்களையும் மூடப் பார்த்தார்கள். ஏழரை லட்சம் பேர் கருத்து எழுதி அனுப்பிய பிறகுதான் அரசு பின்வாங்கியது. நம் ஊரும் அதே வழியில் போகிறதே என்ற வயிற்றெரிச்சலோடு இருக்கும்போதுதான், பக்கத்து வீட்டுக்குத் தபால் கொடுக்க வந்தவர் சொன்னார்: “எழுபது ரூவாதான் ஆச்சி, இங்கயே முடிச்சிரலாம்.”

2020 முதல் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக இந்தச் சேவை நடக்கிறது. பென்ஷன் வேறு வங்கியில் வந்தாலும் பரவாயில்லை. ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் ஆணையின் எண்), பென்ஷன் கணக்கு எண், ஓடிபி வர ஒரு மொபைல், இவ்வளவுதான் வேண்டும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, தன் போனில் கைரேகைக் கருவியைச் செருகி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தார். குடும்ப பென்ஷனுக்கு மறுமணம் பற்றிய கேள்வியும் உண்டு. “கேக்கணும் ஆச்சி, தப்பா எடுத்துக்காதீங்க” என்று அவர் தயங்க, ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார்.

கட்டைவிரல் ஏறவில்லை. ஆள்காட்டி விரலும் இல்லை. புளி கரைத்து, பாத்திரம் தேய்த்து, ஆயுசு முழுக்க உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும், தோலும் காய்ந்திருக்கும். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்துவரச் சொன்னார், கருவியின் கண்ணாடியை வேட்டித் துணியால் துடைத்தார், பிறகு மோதிர விரலை வைக்கச் சொன்னார். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருப்பதால் எதை வைத்தாலும் ஏற்கும். வேலையில் அதிகம் தேயாத விரல் அது. “அமுக்காதீங்க, சும்மா வைங்க.” பச்சை விழுந்தது. அதுவும் ஏறாமல் போனால் முகம் காட்டும் வழி இருக்கிறது: மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி உட்கார்ந்து, கண்ணை மூடித் திறக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டிவிடும்.

இந்தக் கருவியும் ஆப்பும் அதே தொழில்நுட்பம்தான். ஒன்று ஆச்சியைத் தனியாக விட்டது, இன்னொன்று அவரை அறிந்த ஒருவரை வாசலுக்குக் கொண்டுவந்தது. மணியார்டர் கொடுத்துவிட்டு மோர் குடித்துப் போன அதே உறவு இது. லண்டனில் கதவு இடுக்கு வழியாகக் கடிதம் விழுகிறது, போட்டவர் முகம் தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பாதுகாப்புக்கென்று அம்மாவின் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விரலை எத்தனை தரம் கழுவினாலும் அது ஏறாது. முதல் நாளே அந்தப் பூட்டை முழுதாக நீக்கிவையுங்கள். மொபைல் எண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும், நள்ளிரவில் உங்கள் போனுக்கு வரும் ஓடிபியால் திண்ணையில் இருப்பவருக்குப் பயனில்லை.

பிரமாண் எண் (பதிவான சான்றின் எண்) எஸ்எம்எஸ்ஸில் வந்ததும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பிபிஓ எண்ணோ கணக்கு எண்ணோ ஒரு இலக்கம் பிசகினால் பென்ஷன் தரும் வங்கி நிராகரிக்கலாம். சில நாள் கழித்து, சான்று ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். மத்திய அரசு பென்ஷனில் 80 வயதானவர்களுக்கு அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் தபால்காரருக்கும் நெருக்கடி. தமிழக அரசு ஓய்வூதியர் என்றால் ஆண்டுதோறும் ஓய்வுபெற்ற மாதத்தில் இந்தச் சரிபார்ப்பு, ‘நேர்காணல்’ என்பார்கள். தபால்காரரை வரச்சொல்ல அஞ்சல் துறையின் ஆப் இருக்கிறது. தெருவில் வரும்போது அவரிடமே சொல்லிவைத்தாலும் போதும்.