பிரெட்னிசலோன் மாத்திரை: பலன் விரைவு, நிறுத்துவதில் நிதானம் தேவை

முடக்குவாதத்திற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு (வீக்கத்தையும் வலியையும் அடக்கும் ஹார்மோன் வகை மருந்து) மாத்திரையைச் சில மாதங்கள் உட்கொண்டு, பின்னர் அவருடைய மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பலனைப் பொறுத்தவரை இம்மருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் விறைத்துக் கிடந்த விரல்கள், சில நாட்களிலேயே மடங்கி நீளத் தொடங்கின. இம்மருந்தின் முன்னோடியான கார்டிசோனை 1948இல் முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் கண்டதும் இதே வேகத்தைத்தான். அதற்காக 1950இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால், மருந்தை நீண்ட நாள் தொடர்ந்தபோது வந்த பக்கவிளைவுகளையும் அக்காலத்து மருத்துவர்களே கண்டுவிட்டார்கள்.

வலி இத்தனை சீக்கிரம் அடங்குவதால்தான், குணமாகிவிட்டது என்று நினைத்துப் பலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இம்மருந்தில் பெரிய ஆபத்து அதுதான். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற உடலின் சொந்த ஸ்டீராய்டைத் தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் தாழ்தல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்பது உடல் தானே சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறத்தாழச் சமம் என்பதால், அந்த அளவை எட்டிய பிறகு இன்னும் மெதுவாகவே இறங்க வேண்டியிருக்கும். என் மருத்துவர் எந்த வாரம் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் இல்லாமல் இம்மருந்தை யாரும் தொடங்க வேண்டாம் என்பேன்.

மாத்திரை கசப்பு, நாக்கில் சற்றுத் தங்கினாலும் போதும், உணவின் ருசியே கெட்டுவிடும். காலை உணவோடு விழுங்குவது வயிற்றுக்கு நல்லது, இரவுத் தூக்கமும் அதிகம் கெடாது. அப்படியும் எனக்குப் பசி கூடியது, முகம் உப்பியது. அளவு குறையக் குறைய இரண்டும் தணிந்தன. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காலையில் மாத்திரை போட்டால் சர்க்கரை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும், வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இதனோடு சேர்த்தால் குடற்புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. எலும்பு தேய்வது முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடப்பதால், கால்சியம், வைட்டமின் டி பற்றித் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

பெட்டிக்குள் வரும் தகவல் தாளில் இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால், திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் நடுவில் எங்கோ கிடக்கிறது. அதைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். நான் குறையாகக் கருதுவது இந்த ஒன்றைத்தான்.

மருத்துவரின் கண்காணிப்பில் உட்கொள்பவருக்கு இம்மாத்திரையை நம்பிப் பரிந்துரைப்பேன். பழைய சீட்டைக் காட்டித் தானே வாங்கிப் போடுபவருக்கு ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட காலம் உட்கொண்டு நிறுத்தியவர்களுக்குச் சுரப்பி முழுதாக மீள ஓராண்டு வரைகூட ஆகலாம். அதற்குள் அறுவை சிகிச்சையோ கடும் காய்ச்சலோ விபத்தோ நேர்ந்தால், ஸ்டீராய்டு எடுத்த விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.