இன்ஜின் மவுண்டிங் பிராக்கெட் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா, முதல்ல இத படிங்க (18,500 ரூபாய் போச்சு)

அம்பாசிடர், கான்டெசா, பழைய ஜீப்புனு இன்ஜின் மாத்துற ஆளுங்க எல்லாருக்கும் சொல்றேன். மவுண்டிங் பிராக்கெட்னா இன்ஜின வண்டியோட சேத்து தாங்கிப் பிடிக்கிற இரும்பு. பேர் போடல. இன்ஸ்டாகிராம்ல வீடியோ போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிற "ஹெவி டியூட்டி" பார்ட்ஸ் கடை, அந்த மாதிரி நெறய இருக்கு, அதுல ஒண்ணு.

எங்களுது அப்பா வாங்குன மார்க் 4 அம்பாசிடர். 1489 சிசி பழைய பெட்ரோல் இன்ஜின், இனிமே சிலிண்டர கடைஞ்சு போர் பண்ணவும் இடமில்லனு ஆயிடுச்சு. அதனால 1990-கள்ல இதே அம்பாசிடருக்கு வந்த 1817 சிசி இசுசு இன்ஜின 5 கியர் பாக்ஸோட வாங்கினோம். ஐம்பது சொச்சம் பிஎச்பி இருந்த இடத்துல 75 பிஎச்பி. ஆர்டிஓ வேலையும் முறையா நடந்துச்சு. பழைய பிராக்கெட்ல இந்த இன்ஜின் உக்காராது, ஸ்கிராப்ல கெடச்சது எல்லாம் துருப்பிடிச்சு கெடந்துச்சு, மலை ஏறுற வண்டி, நல்லா ஸ்ட்ராங்கா போடுவோம்னு தேடினப்ப தான் இவன் கெடச்சான்.

அவன் பேசுன பேச்சு இருக்கே. "அண்ணே எங்க அப்பாவும் அம்பாசிடர் டாக்ஸி தான்ணே ஓட்டுனாரு, அந்த வண்டில தான் எங்கள படிக்க வச்சாரு" அப்படினான். எந்த கியர் பாக்ஸ், கிராஸ் மெம்பர்ல (இன்ஜினுக்கு கீழ குறுக்க போற சட்டம்) ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு கேப், எல்லாம் ஒண்ணு விடாம கேட்டான், நான் அளந்து போட்டோ அனுப்புனா அதுல வட்டம் போட்டு திருப்பி அனுப்புவான். 8 எம்எம் பிளேட்டு, பியூ புஷ் (ரப்பருக்கு பதிலா போடுற பாலியூரிதேன் புஷ்), லைஃப் டைம் வாரன்ட்டினு வாய்ஸ் நோட்டு. விஷயம் தெரிஞ்ச ஆளுனு யாருக்கும் நம்பிக்கை வரும். 18,500 ரூபாய், முழுசா அட்வான்ஸ். கம்பெனி அக்கவுண்ட்ல ஏதோ ஆடிட் பிரச்சனை, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்கண்ணேனு சொல்லி வாங்குனான். வாய்ஸ் நோட்டு எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்.

பார்சல்ல வந்தது பாக்க ஜோரா தான் இருந்துச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுறோம், பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு, முன்னாடி பஸ் நின்னுடுச்சு, நானும் நிறுத்தி ஃபர்ஸ்ட் கியர்ல எடுத்தேன், டமார்னு ஒரு சத்தம். இடது பக்க பிராக்கெட் கிழிஞ்சு இன்ஜின் அந்தப் பக்கமா தூக்கி ஃபேன் போய் ரேடியேட்டர்ல அடிச்சு கொதிக்கிற தண்ணி பானெட்டுக்கு வெளிய பீச்சுது. பின் சீட்ல அம்மா. பின்னாடி வரிசையா வண்டி. வண்டி பின்னாடி உருண்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

இது எவ்வளவு ஆபத்துனு அவனுக்கு தெரியாம இல்ல. பின் வீல் ஓடுற வண்டில இன்ஜினோட டார்க் (சுத்துற விசை) அப்படியே மவுண்டுக்கு வராது, கியர் ரேஷியோவால பெருகி வரும். 130 நியூட்டன் மீட்டர்னு வச்சுக்குங்க, ஃபர்ஸ்ட் கியர் 3.5னா 450-க்கு மேல. ரெண்டு மவுண்டுக்கும் நடுவுல அரை மீட்டர்னா இடது பக்கத்த மேல தூக்குற விசையே 90 கிலோ கிட்ட, கிளட்ச்ச பட்டுனு விட்டா அதுக்கும் மேல எகிறும். 1971-ல அமெரிக்காவுல ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனி 67 லட்சம் வண்டிய திரும்ப கூப்பிட்டது இதே காரணத்துக்கு தான், மவுண்ட் அறுந்து இன்ஜின் எழும்பி ஆக்சிலேட்டர் இழுத்துக்கிச்சு, அப்புறம் இன்ஜின் தூக்காம இருக்க ஒயர் கேபிள் போட்டு குடுத்தாங்க. உயிர் சம்பந்தப்பட்ட பார்ட்டுங்க இது.

கழட்டி வெர்னியர் (தடிமன் அளக்குற கருவி) வச்சா 3 எம்எம் தகடு! ஓரத்த மட்டும் மடிச்சு வெல்டு வச்சு கிரைண்ட் பண்ணி மேல தடியா பவுடர் கோட்டிங், வெளிய பாத்தா 8 எம்எம் மாதிரியே தெரியும். உள்ள ஒரு முட்டு தகடு கூட இல்ல. புஷ்ஷு கல்லு மாதிரி, கொஞ்சம் கூட அமுங்கல, அதனால அதிர்வு மொத்தமும் அந்த தகட்டுக்கே போயிருக்கு.

போன் பண்ணா முதல்ல "ஃபிட்டிங் தப்புண்ணே, உங்க மெக்கானிக்க கேளுங்க". முப்பது வருஷமா அம்பாசிடர் மட்டுமே பாக்குற மனுஷன கேவலமா பேசுறான். அப்புறம் "போட்டோ அனுப்புங்க, டெக்னிக்கல் டீம் பாக்கும்". அனுப்புனேன். அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "ஹில்ஸ் யூஸ்க்கு வாரன்ட்டி கெடையாது சார்". அண்ணே சார் ஆயிட்டேன். மலைக்கு தான் வேணும்னு நான் அனுப்புன மெசேஜையே எடுத்து போட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல, இப்ப பிளாக். இன்ஸ்டால கமெண்ட் போட்டா டெலிட். ஆனா இன்னைக்கும் பிராக்கெட்ட சுத்தியலால அடிச்சு காட்டுற வீடியோ புதுசா ஏத்துறான். 18,500 ரூபாய்ங்க. ரேடியேட்டர் செலவு, டோயிங் செலவு தனி.

எப்படி செலக்ட் பண்றதுனு விவரமா எழுதணும்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இது மட்டும்: பெயிண்ட் அடிக்காம பச்சை இரும்பா அனுப்ப சொல்லுங்க, வெல்டும் தடிமனும் கண்ணால பாத்துட்டு நீங்களே பெயிண்ட் அடிச்சுக்கலாம். ஓட்டை கிட்டயும் வெர்னியர் வைங்க, ஓரத்துல மட்டும் வைக்காதீங்க. போல்ட் தலைல 8.8னு பலத்துக்கான கிரேடு இருக்கானு பாருங்க. ரோட்டுக்கு ஓட்டுற வண்டிக்கு ரொம்ப கெட்டியான பியூ வேணாம், நல்ல ரப்பரே போதும். இடது பக்கம் இன்ஜினுக்கும் கிராஸ் மெம்பருக்கும் ஒரு செயின் போட்டுக்குங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம, தனி ஆள் நம்பருக்கு ஒரு ரூபாய் கூட போடாதீங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயிண்ட் பதிஞ்சிருக்கேன். இதே மாதிரி "எங்க அப்பா டாக்ஸி ஓட்டுனாரு" கதைய வேற யாராவது கேட்டிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட் வச்சிருங்க, சேந்தே கேஸ் போடுவோம்.