கிளை நூலகமா, கோட்டூர்புரமா, ஸ்டடி ஹாலா? சென்னைப் புறநகர் வாசகருக்கு ஓர் ஒப்பீடு

தாம்பரம், பல்லாவரம், வேளச்சேரி, ஆவடி, அம்பத்தூர் என்று சென்னையின் ஓரங்களில் குடியிருப்பவர்கள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் தேடினால் இன்றைக்கு நாலு வழி இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் அரசுக் கிளை நூலகம். ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், அல்லது எழும்பூர் கன்னிமாரா. மாதக் கட்டணம் கட்டி உட்காரும் தனியார் ஸ்டடி ஹால். அப்புறம், 2024 கடைசியில் கொளத்தூரில் தொடங்கிய முதல்வர் படைப்பகம், அதாவது குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து படிக்கவும் மடிக்கணினியில் வேலை பார்க்கவும் அரசு அமைத்த இடம்.

எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் கோட்டூர்புரம் என்பார்கள். நான் கிளை நூலகம் என்பேன், அதன் குறைகள் அத்தனையும் தெரிந்தே.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தினமும் வேலைக்குப் போய்வரவே இரண்டு மூன்று மணி நேரம் செலவழிக்கும் புறநகர்க்காரருக்கு இந்த ஒரு விதியை வைத்தே எல்லா இடங்களையும் எடைபோட்டுவிடலாம்.

வீட்டுக்குப் பக்கத்தில்

கிளை நூலகத்துக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேடு. நூலால் கட்டிய பேனா. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் நீள மேசை, அதன்மேல் அன்றைய நாளிதழ்கள் தாள் தாளாகப் பிரிந்து கிடக்கும். ஒருவர் கையில் முதல் பக்கம், எதிரில் இருப்பவர் கையில் விளையாட்டுப் பக்கம், மூன்றாமவர் "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். காலை பத்து மணி வரை அந்த மேசை ஓய்வு பெற்றவர்களுடையது. அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டிலும் டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகளுமாகப் பிள்ளைகள் வந்து, மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிகளை முதலில் பிடிப்பார்கள். மாலையில் பள்ளிச் சீருடையோடு குழந்தைகள். ஒரே அறை, ஒரே நாளில் மூன்று கூட்டம்.

உறுப்பினராவதற்குக் காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்து மிகச் சிறிய தொகைதான் ஆகும். ஒரு காபி, டிபன் செலவுக்குள் முடிந்துவிடும். புத்தகத்தைப் பதினைந்து நாள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் தேதி முத்திரை குத்தித் தருவார்கள். புத்தகம் எடுக்கும்போது அந்தத் தாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு நாவல் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறது, நடுவில் எத்தனை ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். எங்கள் பகுதி நூலகத்தில் சில பயண நூல்களின் தாளில் ஒரே ஒரு முத்திரைதான் இருக்கிறது. துப்பறியும் கதைகளுக்கோ தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் நூலகர். பெரிய நூலகத்தில் கணினியிடம்தான் கேட்க வேண்டும். கிளை நூலகத்தில் ஒரு மனிதரிடம் கேட்கலாம், அவரும் நம்மை நினைவில் வைத்திருப்பார். "சார், நீங்க கேட்ட ரெண்டாம் பாகம் திரும்பி வந்திருக்கு, எடுத்து வச்சிருக்கேன்" என்று மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நூலகர் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். பல இடங்களில் ஒரே ஆள்தான் பதிவேட்டையும் பார்த்து, அலமாரியையும் அடுக்கி, காலையில் அறையைப் பெருக்குவதும் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் விடுப்பு எடுத்தால் அன்றைக்கு நூலகம் பூட்டிக் கிடக்கும்.

இங்கேதான் குறைகள் தொடங்குகின்றன. முதல் குறை நேரம். கிளை நூலகம் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே வகையல்ல. முழு நேரக் கிளை நூலகம் காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். சாதாரணக் கிளை நூலகத்தை மதியம் சாத்திவிட்டு மாலையில் மறுபடி திறப்பார்கள். பகுதி நேர நூலகத்துக்குச் சில மணி நேரமே. கிண்டியிலோ தரமணியிலோ வேலை முடிந்து, ரயில் பிடித்து, ஏழரைக்கு ஊர் வந்து சேருபவருக்கு முழு நேர நூலகம் ஒன்றுதான் கைகொடுக்கும். உங்கள் பகுதியில் இருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தே உங்கள் அனுபவம் பாதி தீர்மானமாகிவிடும்.

இரண்டாவது குறை கழிவறை. இதைப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள், அதனாலேயே நான் விரித்துச் சொல்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க வரும் பெண்ணுக்குச் சுத்தமான, உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஒரு கழிவறை இல்லையென்றால் அங்கே எத்தனை ஆயிரம் புத்தகங்கள் இருந்தும் பயனில்லை. தண்ணீர் குடிக்காமல் மதியம் வரை தாக்குப்பிடித்துவிட்டு எழுந்து போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் மாலை வரை உட்கார்ந்திருப்பார்கள். பெண்களுக்கு நூலகத்தில் ஆர்வமில்லை என்று யாராவது சொன்னால், அவர் அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தைப் போய்ப் பார்த்ததில்லை என்று அர்த்தம். வாடகைக் கட்டடத்தில் மாடியில் நடக்கும் நூலகங்களில் இது இன்னும் மோசம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் படியிலேயே கதை முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, புதுப் புத்தகங்கள். பொது நூலகத் துறை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வாங்கி, மாவட்டம் வழியாகக் கிளைகளுக்கு அனுப்புகிறது. அதனால் புத்தகக் காட்சியில் எல்லோரும் பேசிய நாவல் நம் தெரு நூலகத்துக்கு வந்து சேர நாளாகும், வராமலேயும் போகலாம். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகிறவர்கள் இருக்கிறார்கள், வாசகர் வட்டம் வழியாகப் புத்தகங்களைச் சேர்த்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாசகர் வட்டம் உயிரோடு இருக்கும் நூலகத்தின் அலமாரிக்கும் இல்லாத நூலகத்தின் அலமாரிக்கும் வித்தியாசம் பார்த்த உடனே தெரியும்.

கோட்டூர்புரமும் எழும்பூரும்

அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. தரைத்தளத்தோடு சேர்த்து ஒன்பது தளங்கள், 12 லட்சம் புத்தகங்கள் வைக்கும் அளவுக்கு இடம். 2011-இல் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்தபோது, வாசகர்கள் கொதித்துப் போனார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அப்படிக் காப்பாற்றப்பட்ட நூலகம் இது, அதற்குத் தகுதியானதும்தான். பார்வையற்றவர்களுக்கு பிரெய்ல் பிரிவு, சக்கர நாற்காலி போகும் லிஃப்ட், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனி இடம். சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' நிகழ்ச்சிக்கு எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் வந்து பேசுவார்கள். கிளை நூலகத்தால் இதில் எதையும் தர முடியாது. ஒரு துறையில் ஆழமாகத் தேட வேண்டுமா, மருத்துவமோ பொறியியலோ பொருளாதாரமோ, ஒரே தளத்தில் அலமாரி அலமாரியாக நின்று பார்க்கலாம்.

சிக்கல் தூரம்தான். வேளச்சேரி, பெருங்குடிக்காரர்களுக்குக் கவலையில்லை, பறக்கும் ரயிலில் ஏறினால் கோட்டூர்புரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ மாற வேண்டும். ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து அது ஒரு நாள் பயணம் மாதிரி ஆகிவிடும். போவதும் வருவதும் சேர்ந்து மூன்று மணி நேரம் என்றால், வார நாளில் யார் போவார்கள்? அங்கிருந்து புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவர முடிந்தாலும், திருப்பிக் கொடுக்க மறுபடி அதே பயணம். விடுமுறை நாட்களில் சொந்தப் புத்தகம் படிக்கும் பிரிவில் இடம் வேண்டுமானால் காலையிலேயே போய்விட வேண்டும்.

கன்னிமாராவைப் பற்றிப் புறநகர்க்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. எனக்கு அது ஆச்சரியம். தாம்பரம் வழித்தடத்தில் இருப்பவர்கள் வண்டி மாறாமல் எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். 1896-இல் திறந்த நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய பதிப்பு, நின்றுபோன இதழ், தாத்தா காலத்துத் தொகுப்பு என்று எதையாவது தேடுபவர்கள் கோட்டூர்புரத்துக்கு முன்னால் இங்கேதான் வர வேண்டும்.

காசு கட்டினால்

அண்ணா நகரில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களை ஒட்டி வளர்ந்த ஸ்டடி ஹால்கள் இப்போது புறநகர்களுக்கும் வந்துவிட்டன. தடுப்பு வைத்த மேசை, ஏசி, வைஃபை, பூட்டி வைக்க லாக்கர். இரவு முழுக்கத் திறந்திருக்கும் இடங்களும் உண்டு. பெண்களுக்குத் தனிப் பகுதி, ஒழுங்கான கழிவறை. கிளை நூலகம் தோற்கும் இடங்களைப் பார்த்து வைத்து, அதற்கே விலை போட்டிருக்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது, தேவை இருக்கிறது. ஆனால் அங்கே புத்தகம் கிடையாது. வாங்கிக்கொண்டு போனதைத்தான் படிக்க முடியும். மாதக் கட்டணம் ஆயிரம் ரூபாயை எளிதாகத் தாண்டும். வேலை கிடைக்காததால்தான் படிக்கிறான், அவனிடமே மாதாமாதம் அந்தப் பணத்தைக் கேட்பது எனக்கு உறுத்துகிறது. ஏற்கெனவே சம்பாதிப்பவர், வேறு தேர்வுக்கு மூன்று மாதம் மும்முரமாகப் படிக்கிறார் என்றால் சரி, தாராளமாகச் சேரலாம்.

படைப்பகம் இதற்கு அரசின் பதில். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கொளத்தூரில் தொடங்கியபோது படிக்க வருபவருக்கு அரை நாளுக்கு 5 ரூபாய், மடிக்கணினியோடு அலுவலக வேலை பார்க்க வருபவருக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். ஸ்டடி ஹாலின் வசதி, கிளை நூலகத்தின் விலை. பக்கத்தில் ஒன்று இருந்தால் தேர்வுக்குப் படிப்பவர்கள் வேறு எங்கேயும் பார்க்க வேண்டாம். இருக்கைகள் சில டஜன்தான் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

யாருக்கு எது

பள்ளிக் குழந்தைக்கு நான் தயங்காமல் கிளை நூலகத்தைச் சொல்வேன். கோட்டூர்புரத்துக் குழந்தைகள் பிரிவு அழகுதான், ஆனால் அங்கே அப்பாவோ அம்மாவோ கூட்டிப்போனால்தான் உண்டு. மூன்றாவது தெருவிலிருக்கும் நூலகத்துக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை தானாகவே நடந்து போகும், தனக்குப் பிடித்ததைத் தானே எடுக்கும், திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியைத் தானே நினைவு வைத்துக்கொள்ளும். பெற்றோர் கோடை விடுமுறையில் ஒரு முறை பெரிய நூலகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும்.

கதை, கட்டுரை, வரலாறு என்று ரசனைக்காகப் படிப்பவருக்கும் அதேதான். பதினைந்து நாளுக்கு இரண்டு மூன்று புத்தகம், செலவில்லாமல். ஆய்வு மாணவருக்குக் கன்னிமாராவும் கோட்டூர்புரமும். பார்வையற்ற வாசகருக்கு இப்போதைக்குக் கோட்டூர்புரம் தவிர வேறு நல்ல வழியை என்னால் சொல்ல முடியவில்லை, புறநகரிலிருந்து அவ்வளவு தூரம் அவரை வரவைப்பது அநியாயம். தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கு, முதலில் பக்கத்திலுள்ள கிளை நூலகத்தின் கழிவறையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கிளை நூலகத்தின் குறைகள் தீராதவை அல்ல என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. சொந்த வீட்டுக்காரர் நேராகக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகை வழியாகக் கட்டுகிறார். புறநகரில் அடுக்குமாடிகள் எழுந்த வேகத்துக்கு இந்த வரியும் ஏறியிருக்க வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறக்க ஓர் ஆள், ஒரு கழிவறை, தரைத்தளத்தில் ஓர் அறை: கேட்பது அவ்வளவுதான். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கிறார்கள் என்ற புகார் அடிக்கடி எழுகிறது. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது சாலை, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்.

முதன்முதலாகப் போகிறவர்கள் கவனிக்க: பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு அல்ல. இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டியிருக்கலாம். உறுப்பினராக முகவரிச் சான்று கேட்பார்கள், ஆதார் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை போனால் நூலகருக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும், என்ன படிக்கப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வரலாம்.